முதலில் தண்ணீர்க் கணக்கு

கேள்வி: ஐயா, தருமபுரிக்கு ஒரு ஸ்டேடியம் கேட்டு எங்கள் கால்பந்துக் குழு மனு எழுதிக்கொண்டிருக்கிறது. கத்தாரில் கப்பல் கண்டெய்னர்களை அடுக்கிக் கட்டினார்களே, அதுபோல் கேட்கலாமா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: கேட்கலாம் தம்பி, ஆனால் அந்த அரங்கு இருக்கும் தோகா நகரம் கடலோரம். 974 கண்டெய்னர்களை வைத்துக் கட்டிய அந்த அரங்கில் ஏசி கிடையாது, கடல் காற்றுதான். 2022 உலகக் கோப்பையில் 7 ஆட்டம், பிறகு பிரித்துவிடலாம் என்று போட்ட திட்டம் அது. நமக்கு வேண்டியது 50 வருஷம் நிற்கிற இடம்.

நான் முதலில் பார்ப்பது தண்ணீரை. ஆடுகளம் 105 மீட்டருக்கு 68, அதாவது 7,140 சதுர மீட்டர். கோடையில் புல்லுக்கு நாளொன்றுக்கு 5 மி.மீ. விட்டாலே 35,700 லிட்டர். 12,000 லிட்டர் லாரி மூன்று, தினமும்! கேலரிக் கூரை 1,000 சதுர மீட்டர், மழை வருஷத்துக்கு 800 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். சொட்டு விடாமல் பிடித்தாலும் 8 லட்சம் லிட்டர். 22 நாளில் தீர்ந்துவிடும். மழைநீர்த் தொட்டி போதும் என்பவர்களிடம் இதைக் காட்டுங்கள். ஊர்க் கழிவுநீரைச் சுத்திகரித்துக் குழாயில் கொண்டுவர வழி கேட்டு மனுவின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். போர்வெல் தண்ணீரைக் குடிநீர்க் குழாயில் விட்டுவிடாதீர்கள். நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃப்ளோரைடு அதிகம் என்பது உங்களுக்குத் தெரியாததா? குடிக்க ஒகேனக்கல் தண்ணீர்.

அப்புறம் திசை. இன்ஜினியராக இருந்த காலத்தில் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு பள்ளிக்கு, இடம் வாகாக இருக்கிறதே என்று கிழக்கு மேற்காக கோல்போஸ்ட் நட்டுக் கொடுத்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிழக்குக் கோலில் நின்ற பையன் ஒரு கையை நெற்றிக்குக் கொடுத்துவிட்டு, மறு கையால் பந்தைத் தேடினான். வடக்கு தெற்காகவே போடுங்கள். கூரை போட்ட கேலரி மேற்கே வரட்டும். மாலை வெயில் முதுகுக்குப் பின்னால் போய்விடும். படிக்கு குவாரிக் கல் மலிவு என்பார்கள். கூரையில்லாத பக்கம் மூன்று மணிக்கு அதில் உட்கார்ந்து பார்த்தவர்கள் சொல்ல மாட்டார்கள்.

சுற்றி 400 மீட்டர் ஓடுதளம் வந்தால் கேலரி விலகிப் போகும், உங்கள் ஆட்களுக்குக் கோபம் வரும். வரட்டும். பள்ளி விளையாட்டு விழாவும் போலீஸ் தேர்வு ஓட்டமும் நடந்தால்தான் கேட்டுக்குப் பூட்டு விழாது. வெளியே வண்டி நிறுத்துமிடத்தை சிமென்ட் போட்டு மூடாமல் மண் தரையாக விட்டால், வாரச் சந்தை கூடும். மாங்காய் சீசனில் லாரிகளும் நிற்கும். அங்கே ஏற்கெனவே புளியமரம் இருந்தால் பிளானைத்தான் வளைக்க வேண்டும். மனு நகல் ஒன்றை எனக்கும் அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.