திரையோரத்துக் குரல்

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் விஸ்காம் பாடம் எடுக்கிறேன். ஜப்பானிய சினிமா பற்றிப் பேச மாணவர்களுக்கு ஆளுக்குப் பத்து நிமிடம் கொடுத்தேன். முழுப் படம் பார்க்க அவர்களுக்குப் பொறுமை இல்லை. முக்கியமான காட்சிகளை வெட்டி அனுப்பினேன். எல்லோரும் ஸ்லைடு போட்டார்கள். ஒரு மாணவி மட்டும் இயக்குநர் ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’யை ஒலியில்லாமல் ஓடவிட்டு, திரைக்குப் பக்கத்தில் நின்று அதில் வரும் பாட்டியின் குரலில் தமிழில் பேசினாள். இது நடிப்பு, ஆய்வு இல்லை என்கிறார்கள் துறையில். எப்படி மதிப்பெண் போடுவது?

ச., கோவை

அன்புள்ள ச.,

மதிப்பெண்ணை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பெண் செய்ததற்கு ஜப்பானில் பெயரே உண்டு: பென்ஷி. மௌனப்பட காலத்தில் திரையோரம் நின்று எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்தவர்கள். இயக்குநர் குரோசாவாவின் அண்ணன் ஹெய்கோ ஒரு பென்ஷி. தம்பிக்கு சினிமாவைக் காட்டிக்கொடுத்தவர் அவர்தான். பேசும்படம் வந்து பிழைப்பு போனது. 1933இல் தற்கொலை செய்துகொண்டார். சில நாட்களாக அவர் நினைப்பாகவே இருந்தேன், உங்கள் கடிதம் வந்தது.

அப்புறம், பொறுமை இல்லை என்று பிள்ளைகள்மேல் பழி போடாதீர்கள். படம் 136 நிமிடம். ஒரு மதியப் பொழுது. அதைக் கொடுக்க மனமில்லாதவர் நீங்கள்தான். நீங்கள் வெட்டியதில் அடாமி என்ற உல்லாச ஊரின் கடலோரச் சுவர் இருந்திருக்கும். டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க வந்த தாத்தாவும் பாட்டியும் அதில் உட்கார்ந்திருக்கிறார்கள். தாத்தா எழுந்துவிடுகிறார், பாட்டி எழும்போது தலைசுற்றிக் கையை ஊன்றி அமர்ந்துவிடுகிறாள். துண்டாகப் பார்த்தால் அவ்வளவுதான். முந்தின இரவு விடுதியில் அடுத்த அறைகளின் மாஜாங் காய் ஆட்டமும் பாட்டும் அவர்களைத் தூங்கவிடாததைப் பார்த்திருக்க வேண்டும். வேலைக்கு இடைஞ்சல், செலவும் மிச்சம் என்று பெற்ற பிள்ளைகளே அவர்களை அங்கே அனுப்பிவைத்ததைப் பார்த்திருக்க வேண்டும். அதற்கும் முன்னால், மேட்டில் புல் பிடுங்கிக்கொண்டிருக்கும் பேரனிடம், நீ டாக்டராகும்போது நான் இருப்பேனா என்று அவள் கேட்டதைக் கேட்டிருக்க வேண்டும். அப்போதுதான் அந்தத் தலைசுற்றல் நம் வயிற்றைப் பிசையும். உங்கள் மாணவி முழுப் படத்தையும் தேடிப் பார்த்திருக்கிறாள், எனக்குச் சந்தேகமே இல்லை.

என் இருபது வயதில் எங்கள் ஊர் ஃபிலிம் சொசைட்டியில் இந்தப் படத்தைப் போட்டார்கள். ஆங்கில சப்டைட்டிலை எட்டிப் பிடிக்க எங்களில் பாதிப் பேருக்கு முடியாது. தபால் ஆபீஸில் வேலை பார்த்த அண்ணன் ஒருவர் சுவரோரம் நின்று, தணிந்த குரலில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். கடலோரச் சுவர் வந்ததும் நிறுத்திவிட்டார். எழுத்து ஓடிக்கொண்டிருந்தது, அவர் சொல்லவில்லை. என்ன சொல்கிறார்கள் என்று யாரும் கேட்கவும் இல்லை. அவர் வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

சரி, ஒன்று செய்யுங்கள். ஓசுவின் 1932ஆம் வருடத்து மௌனப்படம் ஒன்று இருக்கிறது, ‘பிறந்தேன், ஆனால்...’ முதலாளிக்காகக் கோமாளித்தனம் செய்யும் அப்பாவைப் பார்த்துவிட்டுச் சாப்பிட மறுக்கும் இரண்டு பையன்களின் கதை. அதை வெட்டாமல் முழுசாக ஓடவிட்டு, அந்தப் பெண்ணைத் திரைக்குப் பக்கத்தில் நிற்கவையுங்கள். தேதியைச் சொல்லுங்கள், நான் வருகிறேன்.