காரங்காட்டில் கடல் பசுவைக் காட்டுகிறேன் என்று பணம் கேட்டால்?

கேள்வி: காரைக்குடியில் வசிக்கிறோம். பொங்கல் விடுமுறைக்கு வயதான பெற்றோரையும் இரண்டு பிள்ளைகளையும் காரங்காடு அலையாத்திக் காட்டுக்குக் கூட்டிப்போக ஆசை. முன்பணம் கொடுத்தால் கடல் பசுவை நிச்சயம் காட்டுவதாக ஒரு தரகர் சொல்கிறார். நம்பலாமா? எந்த நேரத்தில் போவது?

பதில்: ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள். கடல் பசுவைக் காட்டுவதாக யாராலும் உறுதி தர முடியாது. அது கடலடியில் புல் மேயும் பிராணி. மூச்சு வாங்க மட்டும் மூக்கை வெளியே நீட்டிவிட்டு மறுபடி அமிழ்ந்துவிடும். வாடைக்காற்றில் கலங்கிக் கிடக்கும் பாக் விரிகுடாவில் அதை எங்கே தேடுவது? தினமும் கடலுக்குப் போகிறவர்களே எப்போதாவதுதான் பார்க்கிறார்கள்.

'காப்பகத்துக்குள்ளேயே கூட்டிப்போகிறேன்' என்றும் சொல்வார்கள். 2022இல் அறிவித்த கடல் பசு பாதுகாப்பகம், 448 சதுர கிலோமீட்டர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் இருக்கிறது. காரங்காடு இருப்பதோ தொண்டிக்குத் தெற்கே, ராமநாதபுரம் மாவட்டத்தில். இந்த ஒரு விவரத்தைக் கேட்டாலே பேச்சு மாறிவிடும்.

காரங்காட்டில் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து படகு விடுகிறார்கள். நேராக அங்கே போய்ச் சீட்டு வாங்குங்கள். படகு நேரத்தையும் கட்டணத்தையும் காரைக்குடி, தேவகோட்டை பேருந்து நிலையங்களில் ஒரு பலகையில் எழுதி வைத்தால் தரகருக்கு வேலையே இராது. இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை.

சரி, நேரத்துக்கு வருவோம். காலையில் போங்கள், வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள். இதில் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பாக் விரிகுடாவில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டர்கூட வராது. ஆனால் இங்கே தண்ணீரே ஆழமில்லை. அதனால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வற்றம், அதாவது கடல் இறங்குவது, அதிகமாகும்போது ஓடைகளில் படகு தரைதட்டும். படகில் உள்ளே போவதுதான் முக்கியம் என்றால் அந்த நாட்களில் கடல் ஏறியிருக்கும் நேரம் பார்த்துப் போங்கள். பறவைதான் முக்கியம் என்றால் நேர்மாறு: வற்றத்தில்தான் சேறு வெளியே தெரியும், இரைதேடி நாரையும் உள்ளானும் இறங்கும். அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரையும் கண்ணில் படும். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. எது வேண்டும் என்று முதலில் முடிவு செய்துகொண்டு, படகுக்காரரிடம் அன்றைய ஏற்றவற்றத்தைக் கேளுங்கள். கையில் கடிகாரமே இல்லாவிட்டாலும் சரியாகச் சொல்வார்.

பிள்ளைகளுக்குக் கடல் பசு வேண்டாம், கரையே போதும். அலையாத்தி இலை ஒன்றின் அடிப்பக்கத்தை நாக்கில் வைக்கச் சொல்லுங்கள், உப்புக் கரிக்கும். வேர் உறிஞ்சிய உப்பை மரம் இலை வழியாக வெளியேற்றுகிறது. சேற்றிலிருந்து குச்சி குச்சியாக நிமிர்ந்து நிற்பவை மூச்சு வேர்கள், மிதித்துவிடக் கூடாது. அவற்றுக்கிடையே ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெருத்த சின்ன நண்டு அதைத் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டிருக்கும். அது ஆண்.

பெற்றோரைப் படகில் ஏற்றுமுன் மிதவைச்சட்டை போட்டுவிடுங்கள். அப்புறம், ஆஸ்துமாவுக்கு மருந்து என்று காய்ந்த கடல்குதிரையையோ கடல் அட்டையையோ யாராவது நீட்டினால் தொடவே தொடாதீர்கள். 2001 முதல் இரண்டும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. வைத்திருந்தாலே ஜெயில். விற்றவன் தப்பிவிடுவான், சோதனைச்சாவடியில் மாட்டுவது உங்கள் வண்டிதான்.