பர்மாவின் நெல்நிலத்தில் கால்வாசி செட்டியார்கள் கைக்குப் போனது எப்படி?

ஒரு வாசகர் கேட்ட கேள்வி இது. 1964ல் இந்தியர் பர்மாவை விட்டு வந்ததையும் இதோடு சேர்த்திருந்தார், அதைக் கடைசியில் பார்க்கலாம். முக்கியமாகக் கேள்வியில் மூன்று விஷயம் இருக்கிறது. 1930களில் கீழ் பர்மாவின் (ஐராவதி டெல்டாவை உள்ளிட்ட தென்பகுதி) விளைநிலத்தில் 25 சதவீதம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களிடம் இருந்ததா? வட்டிக்குக் கொடுத்து நிலத்தைப் பிடுங்கினார்கள் என்பது சரியா? பிறகு அந்த நிலம் என்ன ஆனது?

கணக்கு உண்மைதான். ஆனால் எந்த ஆண்டுக் கணக்கு என்று சேர்த்துச் சொல்லாவிட்டால் அதற்கு அர்த்தமே மாறிவிடும். கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930ல் செட்டியார்கள் பெயரில் இருந்தது சுமார் 5,70,000 ஏக்கர், அதாவது 6 சதவீதம். 1937ல் அது சுமார் 24,46,000 ஏக்கர், 25 சதவீதம். ஐம்பது ஆண்டுக்கு மேல் லேவாதேவி (வட்டிக்குக் கொடுக்கும் தொழில்) செய்தும் சேராத நிலம் ஏழே ஆண்டில் நான்கு மடங்குக்கு மேல் பெருகியிருக்கிறது. நிலம்தான் குறி என்றால் இவ்வளவு காலம் ஏன் காத்திருந்தார்கள்?

கொஞ்சம் பின்னால் போவோம். 1852 போரில் பெகு பகுதி ஆங்கிலேயர் வசம் வந்தபோது ஐராவதி டெல்டா பெரும்பாலும் சதுப்புக் காடு. மன்னர் ஆட்சியில் அரிசி ஏற்றுமதிக்குத் தடை இருந்ததால் அதிகம் பயிரிட்டுப் பயனும் இல்லை. ஆங்கிலேயர் தடையை எடுத்தார்கள். 1869ல் சூயஸ் கால்வாய் திறந்தது, ஐரோப்பாவுக்கு அரிசி போகும் தூரம் சுருங்கியது. மேல் பர்மாவிலிருந்து குடும்பம் குடும்பமாக ஜனங்கள் டெல்டாவுக்கு இறங்கி வந்து காட்டை அழித்தார்கள். 1850களின் நடுவில் சுமார் 10 லட்சம் ஏக்கராக இருந்த நெல் பரப்பு 1930களில் ஏறத்தாழ ஒரு கோடி ஏக்கர் ஆனது. நிலத்தைத் திருத்தியது பெரும்பாலும் பர்மிய உழவனின் உழைப்பு. இதைச் சொல்லாமல் 'செட்டியார் முதலீடுதான் பர்மாவை நெற்களஞ்சியம் ஆக்கியது' என்று எழுதுகிறவர்கள் உண்டு. பாதிதான் சரி.

காடு வெட்டி, வரப்புக் கட்டி, முதல் நல்ல விளைச்சல் பார்க்கச் சில வருஷம் பிடிக்கும். அதுவரை சாப்பாட்டுக்கும் மாட்டுக்கும் கூலிக்கும் பணம் வேண்டும். ரங்கூனில் இருந்த ஆங்கிலேய வங்கிகள் கப்பல் சரக்குக்கும் ஆலைக்கும் கடன் கொடுத்தனவே தவிர உழவனை அண்டவிடவில்லை. ஊருக்குள் கிளை இல்லை, மொழி தெரிந்த ஆள் இல்லை, இன்னாருக்கு இவ்வளவு கொடுக்கலாம் என்று மதிப்பிடத் தெரிந்தவரும் இல்லை. அந்த இடைவெளியில்தான் செட்டியார் உட்கார்ந்தார்.

சட்டமும் வழி செய்து கொடுத்தது. 1876ல் வந்த நில வருவாய்ச் சட்டப்படி, ஒருவர் 12 ஆண்டு தொடர்ந்து நிலத்தை அனுபவித்து வரி கட்டினால் அது அவருக்கு நிரந்தர உரிமை. பிள்ளைகளுக்குப் போகும், விற்கலாம், அடமானமும் வைக்கலாம். உழவனைக் காக்கும் சட்டம் என்றுதான் சொன்னார்கள். அடமானம் வைக்கலாம் என்றாலே ஏலத்துக்கும் வரும் என்பது நல்ல காலத்தில் யாருக்கும் உறைக்கவில்லை. நிலக் கைமாற்றத்துக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மசோதாக்கள் தயாராகி, கடன் கிடைப்பது நின்றுவிடும் என்ற வாதத்தில் கிடப்பில் போயின. அப்போதே ஒன்று நிறைவேறியிருந்தால் 1930களின் கதை வேறாக இருந்திருக்கும் என்பது என் கருத்து.

கடை எப்படி நடந்தது என்று பார்த்தால்தான் அடுத்தது புரியும். முதலாளி பெரும்பாலும் செட்டிநாட்டில்தான் இருப்பார். பர்மாவுக்குப் போவது ஏஜண்டு, அவருக்குக் கீழே அடுத்தாள் (உதவியாளர்), பெட்டியடிப் பையன் (தொழில் பழகும் சிறுவன்), சமையல்காரர். ஏஜண்டுக்கு மூன்று வருஷக் கணக்கு. சம்பளத்தில் ஒரு பகுதி புறப்படும்போதே குடும்பத்துக்கு முன்பணமாகப் போய்விடும், கணக்கு முடிக்கும்போது லாபத்தில் பங்கு. பெண்களை அழைத்துப் போகும் வழக்கம் அநேகமாக இல்லை. மாதா மாதம் ஐந்தொகை (வரவு செலவு இருப்புக் கணக்கு) ஊருக்குப் போகும். ரங்கூன் மொகல் தெருவில் (இன்றைய ஷ்வே பொந்தா தெரு) ஒரே கிட்டங்கியில் (கடைகள் நடந்த பொதுக் கட்டடம்) பல விலாசங்கள் (கடைப் பெயர்கள்). நீளமான கூடத்தில் தரையில் பாய், ஆளுக்கொரு கைமேசை, சுவரோரம் இரும்புப் பெட்டி, பேரேடு. நாற்காலி கிடையாது. கோடிக்கணக்கில் புரண்ட பணம் இந்த அலங்காரத்தில்தான் புரண்டது. தெருக்கோயிலில் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டி நிர்ணயிப்பார்கள். செட்டியார்கள் ஒருவருக்கொருவர் கொடுக்கல் வாங்கல் அந்த விகிதத்தை ஒட்டித்தான் நடக்கும். 1930 வாக்கில் பர்மா முழுக்க சுமார் 1,650 கடைகள். மாகாண வங்கி விசாரணைக் குழு அவர்கள் முதலீட்டை 75 கோடி ரூபாய் என்று கணித்தது. அதில் பெரும்பகுதி சொந்தப் பணம். மீதி தவணை வைப்பு, உண்டியல் (தவணைக் கடன் சீட்டு), ஆங்கிலேய வங்கிகளின் ஓவர்டிராப்ட் (கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்கும் கடன்). இந்த மீதிதான் பின்னால் கழுத்தைப் பிடித்தது: வாங்கியது இரண்டு மூன்று மாதத் தவணையில், கொடுத்தது வருஷக்கணக்கில் நிலத்தின் பேரில்.

வட்டி விகிதம் பற்றி இரண்டு பக்கமும் மிகைப்படுத்துகிறார்கள். நில அடமானத்தின் பேரில் மாதம் நூற்றுக்கு 1 ரூபாயிலிருந்து 1½ ரூபாய் வரை சாதாரணம். ஈடில்லாத கடனுக்கு அதற்கு மேல். அந்த ஊரிலேயே, அறுவடையில் நெல்லாகத் திருப்பித் தரும்படி முன்பணம் கொடுத்த பர்மியக் கடைக்காரர் வாங்கியது இதைவிடப் பல மடங்கு. ஆகவே 'அநியாய வட்டி' என்பது விடை ஆகாது. அந்த வட்டியைக் கட்டிக்கொண்டே ஐம்பது வருஷம் டெல்டா வளர்ந்தது.

அப்படியானால் எங்கே முறிந்தது? புரிவதற்காக நானே போட்ட ஒரு மாதிரிக் கணக்கு. 24 ஏக்கர் வைத்திருக்கும் உழவன். வீட்டுக்கும் விதைக்கும் போக விற்க மிஞ்சுவது 700 கூடை நெல் (ஒரு கூடை 46 பவுண்டு). 100 கூடை 150 ரூபாய் விலையில் 1,050 ரூபாய் வரும். நடவுக்கு முன் ஜூனில் கூலிக்கும் மாட்டுக்கும் வாங்கிய 400 ரூபாய், எட்டு மாத வட்டியுடன் 448. பழைய அடமானம் 1,000 ரூபாய்க்கு வருஷ வட்டி 150. நிலவரி 80. எல்லாம் போக 372 ரூபாய் கையில் நிற்கும். அடமானத்தில் அசலும் கொஞ்சம் கட்டலாம், பௌத்த மடத்துக்கும் கொடுக்கலாம். இப்போது விலையை மட்டும் பாதியாக்குங்கள். வரவு 525, செலவு அதே 678. கையை விட்டு 153 ரூபாய் போட வேண்டும், அது இல்லை.

உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தபோது 1930-31ல் நடந்தது இதுதான். ஜூன் மாதக் கடன் பழைய விலையை நம்பி வாங்கியது, ஜனவரியில் விற்றது சரிந்துபோன விலையில். வரி ரொக்கமாகக் கட்ட வேண்டும், தள்ளுபடி கேட்டதற்கு இல்லை என்றார்கள். தாராவடியில் 1930 டிசம்பரில் சயா சான் தலைமையில் உழவர் கிளர்ச்சி வெடித்தபோது முதல் கோபம் வரி மீதும் அதை வசூலித்த ஊர்த்தலைவர்கள் மீதும்தான் பாய்ந்தது.

இந்தப் பக்கம் வங்கிகள் ஓவர்டிராப்டைத் திருப்பிக் கேட்டன. தவணை வைத்தவர்களும் பணத்தை எடுக்கப் பார்த்தார்கள். ஏஜண்டு கடனாளியை நெருக்கினார். வழக்கமாக அவர்கள் வட்டியை அசலில் சேர்த்துப் புதுப் பத்திரம் எழுதி ஆளை நிலத்திலேயே விட்டுவைப்பார்கள், ஏனென்றால் ரொக்கம் சுழன்றால்தான் தொழில், சேற்று நிலத்தை வைத்துக்கொண்டு தவணைப் பணத்தைத் திருப்ப முடியாது. இந்தத் தடவை அதற்கு வழி இல்லை. கோர்ட்டில் டிகிரி (தீர்ப்பாணை) வாங்கி ஏலம் போட்டால் கேட்க ஆளே இல்லை. ஊரில் யாரிடமும் காசு இல்லாதபோது யார் ஏலம் கேட்பார்கள்? கடைசியில் கடன் கொடுத்தவரே கடனுக்கு ஈடாக எடுத்துக்கொண்டார். பல இடங்களில் கோர்ட்டுக்குப் போகாமலே கிரயம் எழுதி வாங்கினார்கள். பேரேட்டில் கடன் என்று எழுதியிருந்தது நிலம் என்று மாறியது.

இதை வைத்து 'செட்டியார்களும் பாவம்தான்' என்று முடித்துவிடுவது எனக்கு ஏற்பில்லை. நிலம் கைக்கு வந்த பிறகு அதே உழவனையோ வேறொருவரையோ வைத்து வருஷக் குத்தகைக்கு விட்டார்கள். யார் அதிகம் தருகிறாரோ அவருக்கு. அடுத்த வருஷம் நிற்போமா என்று தெரியாத குத்தகைதாரன் வரப்பைக்கூட ஒழுங்காகப் போடமாட்டான். முதலாளி காரைக்குடிப் பக்கம் இருக்க, தான் வெட்டித் திருத்திய நிலத்தில் கூலியாக நிற்பவனுக்கு நடப்பு வட்டியும் ஓவர்டிராப்டும் விளக்கிச் சொன்னால் கேட்பானா? விலையைப் பிடித்து வைத்த பெரிய ஆங்கிலேய ஆலைகளை அவன் பார்த்ததில்லை. 1921ல் ஸ்டீல் பிரதர்ஸ் உள்ளிட்ட நான்கு கம்பெனிகள் நெல் கொள்முதலில் கூட்டுச் சேர்ந்திருந்தன. ரங்கூன் வங்கி மேலாளரையும் அவன் பார்த்ததில்லை. நேரில் பார்த்தது செட்டியாரை மட்டும்தான்.

இன்னொரு விஷயமும் பெரும்பாலும் விட்டுப்போகிறது. 1937ல் அந்த 13 மாவட்டங்களில் உழவர் அல்லாதாரிடம் இருந்த நிலத்தில் செட்டியார்களுடையது ஏறத்தாழ பாதி. மறுபாதிக்குச் சொந்தக்காரர்கள் பர்மிய நிலக்கிழார்கள், வட்டிக்காரர்கள், வியாபாரிகள் போன்ற பிறர். அரசியல் மேடையில் அந்தப் பாதி பேச்சுக்கு வரவே இல்லை.

செட்டியார்களையும் கூலி ஆட்களையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவதும் அப்போதே தொடங்கிய பழக்கம். 1931 கணக்கெடுப்பில் பர்மாவில் இந்தியர் சுமார் 10,18,000 பேர், மொத்த மக்களில் 7 சதவீதத்துக்கு ஒட்டி. ரங்கூன் நகரத்தில் பாதிக்கு மேல். இதில் செட்டியார்கள் கொசுறு. காக்கிநாடா, விசாகப்பட்டினம் பக்கத்துத் தெலுங்கரும் தமிழரும் சிட்டகாங் ஆட்களும்தான் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்கள், ஆலையில் நின்றார்கள், அறுவடைக்குப் போனார்கள். ஆள் சேர்க்கும் மேஸ்திரி முன்பணம் கொடுத்துக் கப்பலேற்றுவார், கூலியில் பிடித்துக்கொள்வார். 1927ல் மட்டும் ரங்கூனில் வந்திறங்கியவர்கள் 4 லட்சத்துக்கு மேல், பெரும்பாலோர் சில வருஷத்தில் திரும்பிவிடும் ஆட்கள். 1930 மே மாதம் தெலுங்குத் துறைமுகத் தொழிலாளிகள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்பெனிகள் பர்மியரை வேலைக்கு வைத்தன. பேச்சு முடிந்து பழைய ஆட்கள் திரும்பியதும் பர்மியரைப் போகச் சொன்னார்கள். அதில் வெடித்த கலவரத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள், அநேகமாக எல்லோரும் கூலிகள். 1938 கலவரத்திலும் அடிபட்டது பெரும்பாலும் சாதாரண இந்தியர்தான்.

நிலத்துக்கு என்ன ஆனது? 1937 ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிந்தது. அதன் பிறகே சட்டங்கள் வேகம் பிடித்தன: 1939ல் குத்தகைச் சட்டம், 1941ல் நிலக் கைமாற்றச் சட்டமும் நிலத்தை அரசு விலைக்கு வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் சட்டமும். அவை நடைமுறைக்கு வந்து சேர்வதற்குள் 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பான் குண்டு விழுந்தது. 1942 மார்ச்சில் நகரமே போனது. இந்தியர் லட்சக்கணக்கில் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் இறந்தவர்கள் பல்லாயிரம். பத்திரங்களையும் பேரேடுகளையும் மூட்டை கட்டிக் கொண்டுவந்து சேர்த்த கடைகள் உண்டு. போருக்குப் பிறகு அவற்றைக் காட்டி உரிமை கேட்கலாம் என்ற நம்பிக்கை. சுதந்திர பர்மா 1948லேயே நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. உழவர் அல்லாதார் நிலம் அரசுக்குப் போயிற்று. முதலில் சில இடங்களில்தான் நடந்தது, 1953 சட்டத்துக்குப் பிறகு பரவலாயிற்று. பெரும்பாலான செட்டியார் குடும்பங்களுக்கு இழப்பீடு என்று சொல்லத்தக்க எதுவும் வரவில்லை.

கடைசியாக, அந்த வாசகர் கேள்வியில் 1964ஐயும் சேர்த்திருந்தார். அது வேறு நிகழ்வு. ராணுவத் தளபதி நெ வின்னின் ஆட்சி 1963ல் வங்கிகளையும் 1964ல் கடைகளையும் அரசுடைமை ஆக்கி, அந்த மே மாதமே 50, 100 கியாட் நோட்டுகளைச் செல்லாது என்றது. அதில் ஏறத்தாழ 3 லட்சம் இந்தியர் சில ஆண்டுகளில் கப்பலேறினார்கள். வந்தவர்கள் பெரும்பாலும் சிறு கடைக்காரர்கள், குமாஸ்தாக்கள், தொழிலாளிகள். சென்னை பர்மா பஜாரும் ஊர் ஊராக இருக்கும் பர்மா காலனிகளும் இவர்களுடையவை. செட்டியார்களின் நிலம் போன கதை அதற்குப் பத்து வருஷம் முன்பே முடிந்துவிட்டது.