பொய்ப்பல் கட்டினால் சாப்பாடு ருசிக்காதா?

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. மிச்சமிருந்த பற்களையும் பிடுங்கி, ஐந்து மாதத்துக்கு முன் மேலும் கீழும் முழுச் செட் கட்டினோம். அன்றிலிருந்து எதைக் கொடுத்தாலும் "கடதாசி தின்கிற மாதிரி இருக்கு" என்கிறார். கறிக்கு உப்பு கூட்டச் சொல்கிறார்; அவருக்கோ பிரஷர். கட்டிய இடத்தில் கேட்டால், "இது சாதாரண அக்ரிலிக் பிளாஸ்டிக், உலோகத் தட்டுப் போட்டால் ருசி வரும்" என்று இரண்டு செட்டுக்கும் புதிதாக விலை சொல்கிறார்கள். செய்யலாமா? - வாசகி, வெள்ளவத்தை

பதில்: இப்போது வேண்டாம். அவர்கள் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை நம்பித்தான் பலர் காசைக் கட்டிவிடுகிறார்கள்.

இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு எல்லாம் பெரும்பாலும் நாக்கின் வேலை. செட் நாக்கை மூடுவதில்லை. மேல் தட்டு மூடுவது மேலண்ணத்தை. சூடு, குளிர், மொறுமொறுப்பு, வழுவழுப்பு இவற்றை உணர்வதில் அந்த அண்ணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. போதாததற்கு, முழுச் செட்டால் கடிக்கும் பலம் பெரும்பாலும் சொந்தப் பல்லின் நாலில் ஒரு பங்கு அளவுதான். மெல்லுவது குறைந்தால், வாய்க்குப் பின்புறமாக மூக்குக்கு ஏறும் வாசமும் குறையும். கருவாட்டுக் குழம்பின் ருசியில் பாதி அந்த வாசம்தானே. அம்மா உப்பில்லை என்று சொல்லும்போது உண்மையில் தேடுவது இதையாக இருக்கலாம். உப்புக்குப் பதில் தேசிக்காய்ப் புளி, மிளகு, தாளிதம் கூட்டிப் பாருங்கள்.

எனக்கு மேல் செட் கட்டி ஆறு வருடம். முதல் கிழமை என்னைத் திடுக்கிட வைத்தது ருசி அல்ல, தேத்தண்ணி. வாயில் ஒன்றும் தெரியவில்லை, தொண்டையில் இறங்கிய பிறகுதான் சுட்டது தெரிந்தது. மீன் முள்ளும் அப்படித்தான்: அண்ணத்தில் படாததால் தெரியாமல் உள்ளே போய்விடும். அம்மாவுக்கு இப்போதைக்குச் சூடை, சாளை வேண்டாம். பாரை, அறக்குளா மாதிரிப் பெரிய மீனாக வாங்கி முள் எடுத்துக் கொடுங்கள்.

சரி, உலோகத் தட்டு. கோபால்ட்-குரோமியத் தட்டு அக்ரிலிக்கை விட மெல்லியது, சூட்டையும் குளிரையும் அண்ணத்துக்குக் கடத்தும். அது உண்மை. ஆனால் கீழ்ச் செட் அண்ணத்தைத் தொடுவதே இல்லை. அதற்கும் உலோகம் போட்டால் ருசி வரும் என்பது வியாபாரப் பேச்சு. இன்னொன்று: பல் பிடுங்கிய முதல் வருடம்தான் முரசும் எலும்பும் வேகமாக வற்றும். ஐந்து மாதத்துக்குப் பிறகு அம்மாவின் வாய் செட்டுக்கு அளவெடுத்த அதே வாய் அல்ல. தளர்ந்த செட்டுக்கு உள்ளே திரும்ப அக்ரிலிக் பூசி இறுக்குவதை 'ரீலைன்' என்பார்கள். அக்ரிலிக் செட்டில் அது சுலபம், புதுச் செட்டின் விலையும் வராது. உலோகத் தட்டில் அது கரைச்சலான வேலை. வற்றிக்கொண்டிருக்கும் வாய்க்கு இப்போதே உலோகம் போட்டால், அடுத்த வருடம் அதுவும் ஆடும்.

அம்மாவோடு மேசையில் உட்கார்ந்து பாருங்கள். புட்டுத் தூளும் சம்பல் துருவலும் தட்டுக்குள் போய் உறுத்துகிறதா? ஒரு பக்கம் மட்டும் மெல்லும்போது மறுபக்கம் கிளம்புகிறதா? ஆம் என்றால் ருசிக்கு முன் பொருத்தத்தைத்தான் திருத்த வேண்டும். வாய் வறண்டிருக்கிறதா என்றும் கேளுங்கள். சில பிரஷர் குளிசைகள் எச்சிலைக் குறைக்கும். எச்சில் இல்லாவிட்டால் செட்டும் ஒட்டாது, ருசியும் தெரியாது. குளிசையை நீங்களாக நிறுத்தாமல் டொக்டரிடம் சொல்லுங்கள்.

பிறகு அந்தப் பில்லை எடுத்துப் பாருங்கள். கட்டிய பிறகு தேய்த்துச் சரிசெய்வதும் ரீலைனும் கொடுத்த காசுக்குள் அடங்குமா? எழுதியிருக்காவிட்டால் நேரில் கேட்டு எழுதி வாங்குங்கள். என் கணக்கில், விலையில் பாதி பல்லுக்கு, மீதி இந்தப் பின்வருகைகளுக்கு. கட்டியவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்த பல் வைத்தியர்தானா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு அபிப்பிராயம் வேண்டுமென்றால் கொழும்பு வார்ட் பிளேஸில் தேசிய பல் போதனா வைத்தியசாலை இருக்கிறது. காலையிலேயே போங்கள், செட்டையும் பில்லையும் கொண்டுபோங்கள்.

கேள்வி: பார்மசியில் விற்கும் ஒட்டுப் பசை பூசினால் முறுக்குச் சாப்பிடலாமா? - வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: பொருந்துகிற செட்டுக்குப் பசை கொஞ்சம் துணை. ஆடுகிற செட்டை அது காப்பாற்றாது. நாள் முழுக்கத் திரும்பத் திரும்பப் பூச வேண்டியிருந்தால் உங்களுக்குத் தேவை பசை அல்ல, ரீலைன். வாங்கும்போது பெட்டியில் துத்தநாகம் இல்லை என்று இருப்பதை எடுங்கள். துத்தநாகம் கலந்த பசையை வருடக்கணக்கில் அளவுக்கு மீறிப் பூசியவர்களுக்கு உடம்பில் செம்பு குறைந்து நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது. 2010இல் ஒரு பெரிய கம்பனி அப்படியான தன் பசைகளைத் தயாரித்து விற்பதையே நிறுத்தியது.

முறுக்கை முன்பல்லால் கடிக்காதீர்கள், தட்டு பின்னால் கிளம்பிவிடும். கையால் உடைத்து, இரண்டு கடைவாயிலும் ஒவ்வொரு துண்டு வைத்து ஒரே நேரத்தில் மெல்லுங்கள். எள்ளு முறுக்கு என்றால் பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீர். நான் எள்ளுருண்டையை விட்டுவிட்டேன்.