லோடு ஏறும்போது பணம் இருமுறை பிடித்தமாகிறது: ஃபார்மல் மாடல் உதவுமா?

கேள்வி: எங்கள் ஆர்டர் சர்வீஸ், பேமென்ட் சர்வீஸுக்கு ஒவ்வொரு மெசேஜாக அனுப்பி ஒப்புகை வாங்கும். டைம்அவுட் வந்தால் லோடு கூடிவிட்டது என்று கொண்டு, தானாகவே பேட்ச் முறைக்கு மாறும். ஒற்றை முறையில் மெசேஜ் எண்ணையும் பேட்ச் முறையில் பேட்ச் எண்ணையும் பார்த்து இரட்டிப்பைத் தடுக்கிறோம். ஆனாலும் எப்போதாவது ஒரே ஆர்டருக்கு இரண்டு தடவை பணம் பிடித்தமாகிறது. டெஸ்டில் ஒருமுறைகூடச் சிக்கவில்லை. ஃபார்மல் மாடல் எழுதிப் பார்க்கலாமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: கட்டாயம் எழுதுங்கள். ஃபார்மல் மாடல் என்பது, கணினியே எல்லா வழிகளிலும் ஓட்டிச் சரிபார்க்கும்படி உங்கள் வடிவமைப்பைக் கணித முறையில் துல்லியமாக எழுதுவது. இந்த வகைப் பிழைக்கு அதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது.

உங்கள் இரண்டு முறைகளும் தனித்தனியாகப் பார்த்தால் சரியாகவே இருக்கலாம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போதுதான் கோளாறு. நீங்கள் எழுதியதை வைத்தே ஒரு தடத்தைப் பின்தொடர்வோம். மெசேஜ் 7 போகிறது. பேமென்ட் சர்வீஸ் பணத்தைப் பிடித்து ஒப்புகை அனுப்புகிறது. ஒப்புகை நெட்வொர்க்கில் தாமதமாகிறது. அனுப்பியவருக்கு டைம்அவுட், பேட்ச் முறைக்கு மாறுகிறார். ஒப்புகை வராத 7-ஐ, புதிதாக வந்த 8, 9-உடன் கட்டி ‘பேட்ச் 1’ என்று அனுப்புகிறார். பெறுபவர் பேட்ச் எண்ணை மட்டும் பார்க்கிறார், 1 புதிது. 7-க்கு மறுபடியும் பணம் போகிறது. மெசேஜ் ஒன்றுகூடத் தொலையவில்லை, சர்வீஸ் ஒன்றும் விழவில்லை. ஓர் ஒப்புகை கொஞ்சம் பிந்தியது, அவ்வளவுதான்.

பெரிய பெரிய வடிவமைப்புகளே இந்த இடத்தில் இடறியிருக்கின்றன. பல கணினிகள் ஒரு தலைவரின் கீழ் ஒரே முடிவுக்கு வர உதவும், 2014-இல் வெளிவந்த ராஃப்ட் அல்காரிதத்தில், குழுவின் உறுப்பினர்களை ஒவ்வொருவராக மாற்றும் எளிய முறையில் 2015-இல் ஒரு பிழை தெரியவந்தது. புதிய தலைவர் தன் பதவிக்காலத்தில் ஒரு பதிவையாவது உறுதிசெய்த பிறகே உறுப்பினர் மாற்றத்தைத் தொடங்க வேண்டும் என்ற ஒரு நிபந்தனையைச் சேர்த்ததும் அது சரியானது. கணினிகளை ஒரு வளையமாகக் கோத்து, எந்தத் தகவல் எதில் இருக்கிறது என்று தேடித்தரும், 2001-இல் அறிமுகமான கார்ட் நெறிமுறையிலும், கணினிகள் சேர்வதும் விலகுவதும் குறுக்கிடும்போது வளையம் கெட்டுப்போகலாம் என்பதை ஆய்வாளர் பமேலா ஜேவ், அலாய் என்ற மாடல் சோதனைக் கருவியில் சிறிய மாடல்களை எழுதியே காட்டினார்.

இப்படிப்பட்ட மாடல்களை எழுதுவதற்கான டிஎல்ஏ பிளஸ் மொழியில் தொடங்குங்கள். கணினி அறிவியலாளர் லெஸ்லி லாம்போர்ட் உருவாக்கியது. மாடலில் நடக்கக்கூடிய எல்லா வரிசைகளையும் ஓட்டிப் பார்க்கும் டிஎல்சி என்ற சோதனைக் கருவி அதனுடன் இலவசமாகவே கிடைக்கிறது. அனுப்புபவர் ஒருவர், பெறுபவர் ஒருவர், ஆர்டர் மூன்று, க்யூவில் இரண்டு இடம் போதும். மெசேஜ் தொலையலாம், பிந்தலாம், முன்பின்னாக வரலாம் என்று நெட்வொர்க்கை எழுதுங்கள்.

இங்கே பலரும் ஒரு தவறு செய்கிறார்கள்: எப்போது முறை மாற வேண்டும் என்ற கணக்கை, அதாவது சராசரித் தாமதம், வரம்பு எல்லாவற்றையும் மாடலுக்குள் கொண்டுவரப் பார்க்கிறார்கள். வேண்டாம். முறை எந்த நொடியிலும் மாறலாம் என்று ஒரே வரியில் எழுதிவிடுங்கள். டிஎல்சி எல்லாத் தருணங்களிலும் மாற்றிப் பார்த்துவிடும். நாளைக்கு வரம்பை 200 மில்லிசெகண்டிலிருந்து 500-க்கு ஏற்றினாலும் உங்கள் சோதனை செல்லும்.

சரிபார்க்க வேண்டிய முதல் விதி: எந்த ஆர்டருக்கும் ஒரு தடவைக்கு மேல் பணம் பிடிக்கக் கூடாது. டிஎல்சி மேலே சொன்ன தடத்தைப் படிப்படியாகக் காட்டும். ஆர்டர் எண்ணையே சாவியாக வைத்து இரட்டிப்பைத் தடுத்தால் அது மறையும். அதோடு நிறுத்திவிடாதீர்கள். முறை மாறும்போதெல்லாம் எண்ணிக்கை 1-இலிருந்து தொடங்குமானால், பேட்ச் 1-க்குப் பிந்தி வந்த ஒப்புகையை மெசேஜ் 1-க்கான ஒப்புகை என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. அப்போது அந்த ஆர்டருக்குப் பணமே பிடிக்கப்படாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏறிக்கொண்டே போகும் ஒரு சுற்று எண் கொடுத்து, அதை மெசேஜிலும் ஒப்புகையிலும் சேர்த்தனுப்புங்கள்.

இரண்டாவது விதி: வந்த ஆர்டர் என்றாவது முடிய வேண்டும். முறை ஓயாமல் மாறிக்கொண்டே இருந்தால் இது பொய்க்கும், டிஎல்சியும் அப்படியே சொல்லும். ‘மாற்றம் ஒரு கட்டத்தில் நிற்கும்’, ‘திரும்பத் திரும்ப அனுப்பினால் மெசேஜ் என்றாவது போய்ச் சேரும்’ என்ற அனுமானங்களைச் சேர்த்தால் விதி நிற்கும். ஆனால் மாடலில் சேர்த்த அனுமானம் கோடுக்குக் கடன்: நிஜ நிரலில் அதை நீங்கள்தான் உண்மையாக்க வேண்டும். பேட்சுக்குப் போக ஒரு வரம்பு, திரும்பி வர அதைவிடத் தாழ்ந்த இன்னொரு வரம்பு என்று வைத்து ஊசலாட்டத்தைக் குறையுங்கள்.

நேரம் எவ்வளவு பிடிக்கும் என்று உங்கள் மேலாளர் கேட்பார். அமேசான் பொறியாளர்கள் 2011 முதல் டிஎல்ஏ பிளஸ் பயன்படுத்திய அனுபவத்தை 2015-இல் எழுதினார்கள். புதிதாகக் கற்றவர்களுக்கே இரண்டு மூன்று வாரங்களில் பலன் கிடைத்திருக்கிறது. அமேசானின் தரவுத்தளமான டைனமோடிபி-யில் சிக்கிய ஒரு பிழைக்கு மிகக் குறுகிய தடமே 35 படிகள். மறுஆய்வு, டெஸ்ட் எல்லாவற்றையும் தாண்டி வந்த பிழை அது.

மாடல் சரியென்றால் கோடும் சரி என்று ஆகிவிடாது. டிஎல்சி தரும் ஒவ்வொரு தடத்தையும் இன்டெக்ரேஷன் டெஸ்டாக எழுதிவிடுங்கள். இரண்டு சர்வீஸுக்கும் நடுவில் ஒரு ப்ராக்ஸியை, அதாவது மெசேஜ்களை வாங்கி அனுப்பும் இடைத்தரகு நிரலை வைத்து, மெசேஜ் 7-இன் ஒப்புகையை மட்டும் பிடித்து நிறுத்திப் பாருங்கள்.