கார்த்திகை விண்மீன்கள் ஏன் கூட்டமாகவே நிற்கின்றன?

டிசம்பரில் இரவு பத்து மணிபோல வெள்ளவத்தையில் ஏதாவது மொட்டைமாடியில் ஏறிப் பாருங்கள். ஏறக்குறைய உச்சியில், சற்று வடக்காக, சின்னக் கொத்து ஒன்று தெரியும். அதுதான் கார்த்திகை. காலி வீதி வெளிச்சத்தில் நாலைந்தை எண்ணலாம். விளக்கீட்டன்று முழுநிலவு அருகிலேயே இருப்பதால் அதுவும் கஷ்டம்.

இது ஒரு திறந்த விண்மீன் கொத்து. அதாவது, ஒரே வாயு முகிலில் ஒரே காலத்தில் பிறந்து, ஈர்ப்பால் தளர்வாகப் பிணைந்திருக்கும் கூட்டம். தூரம் சுமார் 440 ஒளியாண்டு. ஆறு ஏழு அல்ல, ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்கள்! வயது ஏறத்தாழ 10 கோடி ஆண்டு. சூரியனுக்கோ 460 கோடி.

உயர்தர வகுப்பில் ஒன்றாகப் படித்த பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஒன்றாகத் திரிகிறார்கள்; அப்புறம் ஒருவர் லண்டன், ஒருவர் டொரொண்டோ. இந்தக் கொத்தும் அப்படித்தான், இன்னும் சில பத்துக் கோடி ஆண்டுகளில் கலைந்துவிடும்.

பிரகாசமானவை நீலமாக இருப்பது கடும் வெப்பத்தால். கேஸ் அடுப்பின் நீலச் சுவாலை மெழுகுதிரியின் மஞ்சள் சுடரைவிடச் சூடானது அல்லவா?

படங்களில் தெரியும் நீலப் புகையை, அவை பிறந்த முகிலின் மிச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது கொத்து இப்போது கடந்துபோகும் வேறொரு தூசி முகில்.