ஆய்வக அறிக்கையில் 'கண்டறியப்படவில்லை' என்று வந்தால் கவலைப்பட வேண்டாம் என்று அர்த்தமா?

கேள்வி கேட்டவர் ஒரு குடிநீர்ச் சோதனை அறிக்கையைப் பார்த்திருக்கிறார். நான்கைந்து வேதிப்பொருள்களுக்கு எதிரே 'கண்டறியப்படவில்லை' என்று இருந்ததாம். இனி நிம்மதியாக இருக்கலாமா, இதையெல்லாம் கண்டுபிடிப்பவர்கள் உண்மையில் என்னதான் செய்கிறார்கள் என்று கேட்கிறார். நான் பல ஆண்டுகளாகச் செய்துவரும் வேலை அதுதான். தண்ணீர், ரத்தம், பறவையின் ஈரல், வீட்டுத் தூசி என்று எது வந்தாலும் அதில் இருக்கக்கூடாததைத் தேடுவது.

முதலில் நேரடிப் பதில். அந்தச் சொல்லுக்கு 'இல்லை' என்று பொருள் கிடையாது. 'இந்தக் கருவியில், இந்த முறையில், இந்த அளவுக்குக் கீழே இருந்தால் எனக்குத் தெரியாது' என்பதுதான் பொருள். அந்த அளவு எவ்வளவு என்று அறிக்கையிலேயே போட்டிருக்க வேண்டும். போடவில்லை என்றால் அந்தத் தாளை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது.

பிஎஃப்ஏஎஸ் என்ற வேதிப்பொருள் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஒட்டாத பாத்திரம், நீர் ஒட்டாத துணி, தீயணைப்பு நுரை என்று எங்கும் பயன்பட்டவை. கார்பனும் ஃப்ளோரினும் சேர்ந்த பிணைப்பு மிக வலுவானது என்பதால் இவை இயற்கையில் எளிதில் சிதைவதில்லை. இவற்றில் பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் இரண்டையும்தான் அதிகம் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2009இல் குடிநீருக்குச் சொன்ன தற்காலிக ஆலோசனை அளவு, பிஎஃப்ஓஏவுக்கு லிட்டருக்கு 400 நானோகிராம், பிஎஃப்ஓஎஸ்ஸுக்கு 200. 2016இல் இரண்டும் சேர்ந்து 70 என்றார்கள். 2024 ஏப்ரலில் சட்ட வரம்பாகவே ஒவ்வொன்றுக்கும் 4 என்று வைத்தார்கள். 2009இல் 50 நானோகிராம் வரை மட்டுமே பார்க்கத் தெரிந்த ஓர் ஆய்வகம், 30 நானோகிராம் இருந்த தண்ணீருக்கு எந்தப் பொய்யும் சொல்லாமல் 'கண்டறியப்படவில்லை' என்று எழுதியிருக்கலாம். அதே தண்ணீர் 2024இன் வரம்பைப்போல ஏழு மடங்குக்கும் மேல்.

அந்த 4 எங்கிருந்து வந்தது என்பது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. உடல்நல இலக்கு என்று அவர்கள் எழுதியது பூஜ்யம். ஆனால் பூஜ்யத்தை யாராலும் அளக்க முடியாது. ஆய்வகங்கள் நம்பகமாக அளக்கக்கூடிய அளவு என்று பார்த்து 4இல் நிறுத்தினார்கள். அதாவது, எங்கள் கருவியின் கண் எங்கே மங்குகிறதோ அங்கேதான் சட்டமும் நிற்கிறது. 25 லட்சம் லிட்டர் பிடிக்கும் ஒரு பெரிய நீச்சல் குளத்தில் இந்த அளவு என்றால் மொத்தமே 10 மில்லிகிராம், ஒரு சிட்டிகை உப்பைவிடப் பல மடங்கு குறைவு. அதைத்தான் தேடுகிறோம்.

சரி, இவ்வளவு குறைவானதை எப்படித் தேடுவது? வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் கருவியின் திறமை என்று தோன்றும். உள்ளே இருப்பவர்களுக்கு வேலையின் பாதி, பிளாங்க். எதுவும் கலக்காத சுத்தமான நீரை எடுத்து, சாம்பிளுக்குச் செய்யும் அத்தனையையும் அதற்கும் செய்து, கருவியில் ஏற்றுவது. அதில் எதுவும் தெரியக்கூடாது. நான் வேலையில் சேர்ந்த புதிதில் என் பிளாங்கில் பிஎஃப்ஓஏ தெரிந்துகொண்டே இருந்தது. பாட்டிலை மாற்றினேன், மெத்தனாலை மாற்றினேன், கையுறையை மாற்றினேன். அந்தப் பொருள் இருப்பதைத் திரையில் காட்டும் மேடு, நாங்கள் பீக் என்பது, அசையவில்லை. கடைசியில் பார்த்தால் கருவிக்குள் கரைப்பானைக் கொண்டுபோகும் மெல்லிய குழாயே டெஃப்ளான். தேடும் பொருளின் உறவுக்காரன் தேடும் கருவிக்குள்ளேயே குடியிருந்தான். குழாய்களைக் கழற்றி வேறு வகைக்கு மாற்றி, கருவியின் சொந்த அழுக்கைத் தாமதப்படுத்திப் பிரித்துக் காட்ட இன்னொரு சிறிய பிரிப்புக் குழலைப் பொருத்திய பிறகுதான் பிளாங்க் தட்டையானது. ஏறக்குறைய மூன்று மாதம் போனது. அந்த மூன்று மாதத்தில் ஒரு சாம்பிள்கூட அளக்கவில்லை. ஆனாலும் நான் கற்றதில் பெரும்பகுதி அந்த மூன்று மாதத்தில்தான்.

இந்தத் துறையின் பெரிய கண்டுபிடிப்புகள் சில பிளாங்கிலிருந்தே வந்தவை. கிளேர் பேட்டர்சன் என்ற அமெரிக்க வேதியியலாளர் 1940களின் இறுதியில் பூமியின் வயதைக் கணக்கிட ஈயத்தை அளந்துகொண்டிருந்தார். எதை அளந்தாலும் இருக்க வேண்டியதைவிட ஈயம் அதிகம். தூசியில், பாத்திரத்தில், அமிலத்தில், ஆளின் தலைமுடியில் எல்லாம் ஈயம். அவர் ஆய்வகத்தையே கழுவித் துடைத்து, காற்றை வடிகட்டி, அதுவரை யாரும் கட்டாத அளவுக்குச் சுத்தமான அறையைக் கட்டினார். 1956இல் பூமியின் வயது 455 கோடி ஆண்டு என்று வெளியிட்டார். வேறொருவர் அத்தோடு நிறுத்தியிருப்பார். இத்தனை ஈயம் என் அறைக்குள் எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்டார். கடலின் மேல்மட்டத்து நீரில் ஆழத்து நீரைவிட ஈயம் அதிகம் என்று பார்த்தார், அதாவது அது அண்மையில் வந்து விழுந்தது. பெட்ரோலில் கலந்த ஈயம் உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது என்று 1965இல் எழுதினார். பெட்ரோல் ஈயத்தை உலகம் முழுதாக விட்டொழிக்க 2021 வரை ஆனது. அந்த ஆண்டு கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா.

பிஎஃப்ஓஎஸ் கதையும் அப்படித்தான். 1990களின் பிற்பகுதியில், அதைத் தயாரித்துவந்த 3எம் நிறுவனத்தின் வேதியியலாளர்கள் ஆலைத் தொழிலாளர்களின் ரத்தத்தோடு ஒப்பிட, அந்தப் பொருளே இல்லாத சாதாரண மனித ரத்தத்தைத் தேடினார்கள். ரத்த வங்கியிலிருந்து வந்த ரத்தத்திலும் பிஎஃப்ஓஎஸ் இருந்தது. கொரியப் போர்க் காலத்தில் படையில் சேர்ந்தவர்களிடமிருந்து எடுத்துப் பாதுகாத்து வைத்திருந்த பழைய ரத்தத்தில்தான் அது இல்லை. உயிரோடு இருக்கும் மனிதர்களில் ஒரு பிளாங்க் கிடைக்கவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைப் பிசைகிறது. 2001இல் நச்சியல் ஆய்வாளர் ஜான் கீசியும் நம் தமிழ் வேதியியலாளர் குருந்தாச்சலம் கண்ணனும் ஆர்க்டிக் துருவக் கரடியிலிருந்து அல்பட்ராஸ் பறவை வரை பல விலங்குகளில் பிஎஃப்ஓஎஸ் இருப்பதை வெளியிட்டார்கள். அவற்றில் சில, தொழிற்சாலையின் வாசனையே படாத இடத்து உயிரினங்கள்.

இருப்பதை இல்லை என்று சொல்வது ஒரு வகைத் தவறு. இல்லாததை இருக்கிறது என்று சொல்வது இன்னொரு வகை. இரண்டாவதை நான் கிட்டத்தட்டச் செய்துவிட்டேன். பறவை ஈரல்களில் பிஎஃப்ஓஎஸ் அளந்தபோது, சிலவற்றில் எண்கள் கடகடவென்று ஏறின. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் மூலக்கூறை எடையால் அடையாளம் காணும். பிஎஃப்ஓஎஸ் 499 எடையில் உள்ளே போகும், உடைந்தால் 80 எடையில் ஒரு துண்டு வரும். 499இலிருந்து 80, இதை எண்ணித்தான் அளவு போட்டேன். அறிக்கையை எழுதிக்கூட முடித்துவிட்டேன். எங்கள் மூத்த ஆய்வாளர் அக்கா திரையை எட்டிப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்டார்: "99இல் எவ்வளவு காட்டுது?" பிஎஃப்ஓஎஸ் உடையும்போது 99 எடையிலும் ஒரு துண்டு தரும், அதில் ஃப்ளோரின் இருக்கும். போய்ப் பார்த்தேன். அந்த ஈரல்களில் 80 பீக் மலைபோல நின்றது, 99 பீக் புல்போல இருந்தது. ஈரலில் இயல்பாகவே இருக்கும் பித்த அமிலம் ஒன்றுக்கும் எடை ஏறக்குறைய அதே 499, அதுவும் உடைந்தால் 80 தரும். ஃப்ளோரின் அதில் கிடையாது, அதனால் 99 தராது. நான் மாசு என்று எழுதியதில் பெரும்பகுதி அந்தப் பறவைகளின் சொந்தப் பித்தம். அறிக்கையைக் கிழித்துவிட்டு, இரண்டும் நன்றாகப் பிரியும்படி முறையை மாற்றி, எல்லாச் சாம்பிளையும் மறுபடி ஓட்டினேன். அன்றிலிருந்து ஒற்றைத் துண்டை நம்பி ஓர் எண்ணையும் நான் வெளியே விட்டதில்லை.

அப்புறம், பட்டியலில் இல்லாததை யாரும் பார்ப்பதில்லை என்ற விஷயம். உங்கள் அறிக்கையில் ஐந்து பெயர் இருந்தால் ஐந்தைத்தான் தேடியிருக்கிறார்கள். ஆறாவது எவ்வளவு இருந்தாலும் அந்தத் தாளில் வராது. அமெரிக்காவின் வடமேற்குக் கடற்கரையில் மழை பெய்து சாலை நீர் ஓடையில் கலந்ததும் கோஹோ சால்மன் மீன்கள் முட்டையிடும் முன்பே செத்துக்கொண்டிருந்தன. தெரிந்த நச்சுகளின் பட்டியலை வைத்துப் பார்த்தால் எதுவும் போதுமான காரணமாக இல்லை. ஆய்வாளர்கள் பட்டியலைத் தள்ளிவைத்துவிட்டு, நீரில் இருந்த ஆயிரக்கணக்கான பொருள்களைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எந்தப் பகுதியில் மீன் சாகிறது என்று பார்த்துக்கொண்டே போனார்கள். கடைசியில் நின்றது ஒரே ஒரு பொருள். டயர் ரப்பரில் விரிசல் விழாமல் இருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற வேதிப்பொருள் காற்றில் உள்ள ஓசோனோடு சேர்ந்து உருவாகும், குயினோன் என்ற வகையைச் சேர்ந்த ஒரு பொருள். 2020 டிசம்பரில் வெளியிட்டார்கள். அதுவரை எந்த ஆய்வகத்தின் பட்டியலிலும் அந்தப் பெயர் இல்லை.

இனி உடல்நலம். ஒரு பொருள் தெரிந்துவிட்டது என்பதற்காக அதனால் நோய் வரும் என்று ஆகிவிடாது. இதையும் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் எண்களைப் பார்த்து இரவெல்லாம் தூங்காமல் எழுதுபவர்கள் உண்டு. எவ்வளவு உள்ளே போகிறது, எத்தனை நாள் தங்குகிறது, உடல் எந்த வயதில் அதைச் சந்திக்கிறது என்ற மூன்றையும் சேர்த்துத்தான் அபாயத்தைக் கணக்கிட முடியும். பிளாஸ்டிக் தயாரிப்பில் பயன்படும் பிபிஏ என்ற வேதிப்பொருள் பெரும்பாலும் ஒரு நாளில் சிறுநீரில் போய்விடும், ஆனால் தினமும் புதிதாக வந்துகொண்டிருக்கும். பிஎஃப்ஓஎஸ் ரத்தத்தில் பாதியாகக் குறையவே சில ஆண்டுகள் ஆகும். ஆகவே முன்னதில் இன்றைய பழக்கம் முக்கியம், பின்னதில் பல ஆண்டுக் கணக்கு முக்கியம். பெரியவர்களுக்கு ஒன்றும் செய்யாத அளவு, கருவிலும் கைக்குழந்தையிலும் மூளை வளரும் நேரத்தில் வேறு விதமாக வேலை செய்யலாம்.

பாதுகாப்பான அளவு என்று நாம் நம்புவது எப்படி இறங்குகிறது என்பதற்கு ஈயம்தான் நல்ல பாடம். குழந்தையின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 60 மைக்ரோகிராம் வரை பரவாயில்லை என்று 1960களில் இருந்தது. 1991இல் 10, 2012இல் 5, 2021இல் 3.5 என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் குறைத்தது. குழந்தைகளுக்குப் பாதுகாப்பான ஈய அளவு என்று எதுவும் தெரியவில்லை என்றே இப்போது சொல்கிறது. பிபிஏவுக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல், ஒரு நாளில் உடலுக்குள் போகலாம் என்ற அளவை ஒரேயடியாக 20,000 மடங்கு குறைத்தது. பொருள் மாறவில்லை, அது செய்யும் காரியமும் மாறவில்லை. நாம் பார்க்கக் கற்றது மாறியது.

ஆகவே உங்கள் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு எழுதுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் கண்டறியும் வரம்பு எவ்வளவு, அது இன்றைய சட்ட வரம்புக்குக் கீழே இருக்கிறதா, அன்றைக்கு ஓட்டிய பிளாங்கில் என்ன தெரிந்தது, தண்ணீரை எந்தப் பாட்டிலில் யார் எடுத்தார்கள். நல்ல ஆய்வகம் இந்தக் கேள்விகளைக் கண்டு முகம் சுளிக்காது. எனக்கு இப்படி ஒரு கடிதம் வந்தால் அன்றைய வேலையில் அதற்குத்தான் முதல் பதில். வரம்பு போதுமான அளவு கீழே இருந்து, பிளாங்க் சுத்தமாக இருந்தால், அந்த ஐந்து பொருளைப் பற்றி நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். அதை மனமாரச் சொல்கிறேன்.

எங்கள் ஆய்வகத்தில் ஒவ்வொரு சாம்பிளிலும் கொஞ்சம் எடுத்து, தேதி எழுதி, மைனஸ் 80 டிகிரியில் வைத்துவிடுவோம். போன மாதம் பழைய பெட்டி ஒன்றை எடுத்தேன். குப்பிகளில் என் கையெழுத்து, பதிவேட்டில் அவற்றுக்கு நேரே என் கையாலேயே 'கண்டறியப்படவில்லை'. புதுக் கருவியில் மறுபடி ஓட்டினேன். பாதிக்கு மேல் எண் வந்தது. பழைய வரியை அடிக்கவில்லை. பக்கத்திலேயே இன்றைய தேதி, இன்றைய வரம்பு, இன்றைய எண் என்று எழுதி, மீதி இருந்ததை மூடித் திரும்பவும் உறைபெட்டியில் வைத்திருக்கிறேன்.